லேசாத்தான்

இந்த வளைவு தாண்டினால் ஒரு வேகத்தடை வரும், அதில் மட்டும் டிரைவர் தம்பி கொஞ்சம் மெதுவாக ஏற்றி இறக்கினால் போதும், அப்புறம் டி.கல்லுப்பட்டி வரைக்கும் சாலை வழுவழு என்று போகும், இறுக்கிப் பிடி சுந்தரமகாலிங்கம், இறுக்கிப் பிடி, எழுபத்தைந்து வயதில் உன்னிடம் மிச்சமிருக்கிற ஒரே வைராக்கியம் அதுதான், அதையும் பஸ்ஸில் விட்டுவிடாதே. மடியில் துணிக்கடைப் பை. பைக்குள் சிவப்புச் சேலை, மஞ்சள் கரை. திருமங்கலத்தில் கடை திறக்கிறதுக்கு முன்னாலேயே போய் நின்று, ஷட்டர் பாதி ஏறினதும் குனிந்து உள்ளே நுழைந்து வாங்கினது. யாருக்குங்கய்யா என்று கேட்டான் கடைக்காரன். தங்கச்சிக்கு என்றேன். விசேஷமா என்றான். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது. என் தங்கை சந்தனம் இன்றைக்கு விடியும்போது ராஜபாளையத்தில் செத்துப்போனாள், புருஷன் இருக்கும்போதே போய்விட்டாள், அதனால் சிவப்பு. பிறந்த வீட்டுக் கோடி வந்து மேலே விழுந்தால்தான் அவளை எடுப்பார்கள். பிறந்த வீடு என்று இப்போது பூமியில் மிச்சமிருப்பது நான் ஒருத்தன்தான். என்னை விட்டால் என் மகன், திருப்பூரிலிருந்து கிளம்பியிருக்கிறான், அவன் வந்து சேர சாயங்காலம் ஆகும், அதுவரை வைத்திருக்க மாட்டார்கள். ஆகவே நானும் இந்தப் பையும் என் வயிறும், மூன்று பேருமாகப் போய்க்கொண்டிருக்கிறோம். வந்துவிட்டது வேகத்தடை. ஐயா. ஐயையா. ஏறி இறங்கிவிட்டது. ஒன்றும் ஆகவில்லை. வேர்வை மட்டும், குளிர்ந்த வேர்வை, முதுகில் யாரோ ஈரத்துண்டைப் போட்டது மாதிரி. காய்ச்சலும் இருக்கிறது, உள்ளங்கையை நெற்றியில் வைத்தால் உள்ளங்கை சுடுகிறதா நெற்றி சுடுகிறதா என்று தெரியவில்லை.

எல்லாம் அந்தக் கடைவாய்ப் பல்லில் ஆரம்பித்தது. அந்தப் பல்லைப் பற்றி நான் திருமங்கலம் டீக்கடையில் சொன்ன கதை வேறு, பல் டாக்டர் என் நெஞ்சில் காலை ஊன்றி இழுத்ததாகவும், அவர் பின்பக்கமாகப் போய் சுவரில் மோதிக்கொண்டதாகவும், பல்லின் வேர் முருங்கை வேர் மாதிரி என் கழுத்துவரை ஓடியிருந்ததாகவும் சொல்லியிருக்கிறேன். நடந்தது என்னவென்றால், டாக்டர் ஒரு சின்னப் பெண், ஊசி போட்டாள், பிடுங்கினாள், சீழ் வைத்திருக்கிறது தாத்தா என்று சொல்லி, கேப்சூல் எழுதிக்கொடுத்தாள். ஒழுங்காகத் தின்று முடித்தேன். வாய் ஆறிவிட்டது. வாய் ஆறினதும் வயிறு திறந்துகொண்டது. முதலில் இளக்கமாக, அப்புறம் தண்ணீராக, அப்புறம் தண்ணீர்கூட இல்லாமல் ஒரு மாதிரிக் கோழையாக. அந்த நாற்றம் என்னுடைய நாற்றமே இல்லை, எழுபத்தைந்து வருஷம் பழகின உடம்பு, அதன் வாடை எனக்குத் தெரியாதா, இது வேறு எவனோ உள்ளே குடிவந்து சமைக்கிற வாடை. இதற்கு நான் என்ன செய்தேன் என்றால், பல்லில் இருந்த விஷம்தான் வயிற்றுக்கு இறங்கிவிட்டது என்று எனக்கு நானே வைத்தியம் முடிவு செய்து, மெடிக்கல் கடைக்குப் போய்ப் பழைய சீட்டைக் காட்டி அதே கேப்சூலில் இன்னொரு பட்டை வாங்கித் தின்றேன். பல்லுக்குக் கேட்டது வயிற்றுக்குக் கேட்காதா என்ன. கேட்டது. நன்றாகவே கேட்டது. நேற்று ஒரு நாளில் பன்னிரண்டு தடவை. இடது பக்கம் அடிவயிற்றில் துணியைப் பிழிகிற மாதிரி ஒரு முறுக்கு, ஓடிப்போய் உட்கார்ந்தால் ஒரு கரண்டிகூட வராது, எழுந்தால் மறுபடி வா என்று கூப்பிடும். நாக்கு காய்ந்த தேங்காய் நார். மூத்திரம் காலையில் கொஞ்சம் போனது, தேன் நிறத்தில், அதோடு சரி. சோற்றைப் பார்த்தால் யாரோ தெரியாதவரைப் பார்ப்பது மாதிரி இருக்கிறது.

நான் சொல்வதை நம்பலாம். இந்தப் பன்னிரண்டை நம்பலாம். மற்றபடி நான் சொல்லுகிற எந்த எண்ணிக்கையையும் பத்தால் வகுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் தங்கையின் கணக்கு. சின்ன வயதிலேயே அதைக் கண்டுபிடித்துவிட்டாள். செண்பகத்தோப்புக் காட்டில் பத்து யானை என்னை வழிமறித்து நின்றன, அதில் மூத்த யானை தும்பிக்கையை நீட்டி வெற்றிலை கேட்டது, நான் சுண்ணாம்பு இல்லை என்று சொன்னதும் கோபித்துக்கொண்டு போய்விட்டது என்று சொன்னேன். அவள் பாவாடையில் கொடுக்காப்புளியை வைத்துத் தின்றுகொண்டே கேட்டாள், முழுக்கக் கேட்டாள், நடுவில் ஒருதடவை அப்புறம் என்றாள், முடிந்ததும் கொட்டையைத் துப்பிவிட்டு, "ஒரு யானைண்ணே. அதுவும் சாணிய மட்டுந்தான் பாத்திருப்பே" என்றாள். சாணியைத்தான் பார்த்தேன். அவளுக்கு எப்படித் தெரியும். பொய் என்று ஒருநாளும் சொன்னதில்லை, வகுப்பாள், அவ்வளவுதான். நான் கிணற்றில் பார்த்த கெண்டை மீன் காதில் கடுக்கன் போட்டிருந்தது என்றால், காது இருந்துச்சா, அதச் சொல்லு முதல்ல என்பாள். என் கல்யாணத்தன்றைக்கு என் பெண்டாட்டியிடமே போய், மதினி, இவரு என்ன சொன்னாலும் பத்தால வகுத்துக்கோங்க, கோவத்தையும் சேத்து என்று சொல்லிக்கொடுத்தாள். அந்தப் புண்ணியவதி முப்பத்தெட்டு வருஷம் வகுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். பெட்டிக்குள் என்ன இப்படிக் கத்துகிறது. பக்கத்து சீட்டுக்காரர் மடியில் அட்டைப்பெட்டி, ஓட்டை போட்ட பெட்டி, உள்ளே கோழிக்குஞ்சுகள், கீச் கீச் கீச் என்று நிறுத்தாமல். எத்தனை இருக்குங்க என்று கேட்டேன், பேச்சுக் கொடுத்தால் முறுக்கு மறக்குமே என்று. அம்பது என்றார். என் வாய் தானாக, நானும் ஒரு காலத்தில் ஐயாயிரம் வைத்திருந்தேன் என்று சொல்லத் தயாரானது. சொல்லவில்லை. வயிறு நிமிர்ந்து பார்த்தது, வாயை மூடிக்கொண்டேன்.

வயிறு உப்பிக்கொண்டு வருகிறது. இது வேறு வலி. காலையில் பஸ் ஏறுவதற்கு முன்னால் அதே மெடிக்கலில் வயிற்றை நிறுத்துகிற மாத்திரை கேட்டேன். அந்தப் பையன் கேட்டான், காய்ச்சல் இருக்கா தாத்தா, ரத்தம் சளி எதுவும் போகுதா, இருந்தா இதப் போடக்கூடாது, உள்ளயே தங்கிப்போகும், ஆஸ்பத்திரிக்குப் போங்க என்று. நான் என்ன சொன்னேன். இல்லப்பா, லேசாத்தான் என்று சொல்லி வாங்கிப் போட்டுக்கொண்டேன். நானா சொன்னேன் அதை. வாழ்க்கையில் ஒன்றை ஒன்று என்று சொன்னவனில்லை, ஒரு தும்மல் போட்டால் தெருவில் ஓடு விழுந்ததாகச் சொல்கிறவன், பன்னிரண்டைக் கொண்டுபோய் லேசாத்தான் என்று சொல்லிவிட்டேன். விடிகாலையில் பார்த்தேனே, வெள்ளைப் பீங்கானில் சிவப்பு நூல் மாதிரி ஒன்று. பீட்ரூட் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பீட்ரூட் தின்று ஒரு மாதம் ஆகிறது. சரியாக அந்த நேரத்தில்தான் போன் அடித்தது, சந்தனத்தின் மகன் குருநாதன், மாமா, அம்மா போயிட்டாங்க என்றான். நான் ஈரக்கையோடு நின்றேன். எந்த அம்மா என்று கேட்டேன். லேசாத்தான் என்பது என் வார்த்தையே இல்லை, அது அவளுடைய வார்த்தை. நான் பெருக்கினால் அவள் குறைப்பாள். கிணற்றடியில் விழுந்து கை ஒடிந்து எலும்பு இரண்டாக நின்றபோது, லேசா பிசகியிருக்குண்ணே என்று சொல்லியனுப்பினாள். மச்சான் வேலை பார்த்த மில்லை மூடினபோது லேசாக் கஷ்டம் என்று சொன்னாள், நான் போய்ப் பார்த்தால் அடுப்பில் பூனை படுத்திருந்தது. அதனால் எனக்கும் ஒரு கணக்கு இருந்தது. அவள் சொன்னால் பத்தால் பெருக்கு. லேசா தலைவலி என்றால் டாக்டரைக் கூட்டிக்கொண்டு போ. லேசா மனசு சரியில்லை என்றால் அடுத்த பஸ்ஸைப் பிடி. இந்த வாய்ப்பாடு எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்தது, இவ்வளவு வருஷமாக ஒருதடவைகூடத் தப்பினதில்லை. முந்தாநாள் வரை. முந்தாநாளுக்குப் போகவேண்டாம். ஜன்னலுக்கு வெளியே பார், பருத்தி மாரா அது, காய்ந்த செடியைக் கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருக்கிறான். முந்தாநாள் சாயங்காலம் போன் பேசினதற்கு இப்போது போகவேண்டாம்.

கண்டக்டர் தம்பி, கொஞ்சம் நிப்பாட்டேன்ப்பா என்று கேட்டுவிட்டேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பெரியவரே, இது பாயிண்ட் டு பாயிண்ட், கிருஷ்ணன்கோவில்ல அஞ்சு நிமிசம் நிக்கும், அடக்கிக்கோங்க என்றான். அடக்கிக்கொள்ளச் சொல்வதற்கு உனக்கு என்ன, நீ சில்லறையை அடக்குகிறவன். முன்சீட்டில் ஒருத்தி மூக்கைப் பொத்துகிறாள். வந்துவிட்டதா, என்னை அறியாமல் வந்துவிட்டதா. வேட்டிக்கு அடியில் ஒரு சூடு, அப்புறம் அந்தச் சூடே ஈரமாகிக் குளிர்கிறது. முதல் வேலையாகப் பையை மடியிலிருந்து தூக்கி மார்போடு பிடித்துக்கொண்டேன். கோடி படக்கூடாது. கோடி மேல் எதுவும் படக்கூடாது. துண்டை எடுத்து இடுப்பில் சுற்றினேன். கிருஷ்ணன்கோவிலில் இறங்கும்போது கோழிக்குஞ்சுக்காரரிடம் பையை நீட்டி, கொஞ்சம் வச்சிருங்க, தங்கச்சிக்குக் கோடி என்றேன். பெட்டியைக் கீழே வைத்தார், கையை வேட்டியில் துடைத்தார், இரண்டு கையையும் நீட்டிக் குழந்தையை வாங்குகிற மாதிரி வாங்கினார். நீங்க வர்ற வரைக்கும் பஸ்ஸ எடுக்க விடமாட்டேன், போயிட்டு வாங்க என்றார். அதைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது, காலையிலிருந்து வராத அழுகை, கட்டணக் கழிப்பறை வாசலில்.

உள்ளே இருட்டு. தாழ்ப்பாள் இல்லை, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். நூல் இல்லை இப்போது. நூல் தறியாகிவிட்டது. பார்க்காதே என்று சொல்லிக்கொண்டே பார்த்தேன். சரி, இதுதான் அது. தலை சுற்றியது, சுவரில் எவனோ எழுதியிருந்த போன் நம்பர் மேலும் கீழுமாக நீந்தியது, கடுக்கன் போட்ட கெண்டை மாதிரி. அப்போது பார்த்து குருநாதன் போன். மாமா, எங்க இருக்கீங்க, எல்லாரும் கோடிக்குத்தான் காத்துக்கிட்டிருக்கோம். நான் உண்மையைச் சொன்னேன். ரத்தமாப் போகுதுடா மாப்ளே, உக்காந்தா எந்திரிக்க முடியல என்றேன். அந்தப் பக்கம் பின்னால் பெண்கள் அழுகிற ஒலி. அப்புறம் மிகவும் தன்மையாகச் சொன்னான், "மாமா, இன்னிக்கு ஒரு நாளு மட்டும் கத வேணாம் மாமா." கோபமே இல்லை அவன் குரலில். அதுதான் தாங்கவில்லை. டயர் பஞ்சர்டா, மாத்துறாங்க, அரை மணியில வந்திருவேன் என்றேன். அதை நம்பினான். சரி மாமா, பாத்து வாங்க என்றான். அவன் வகுக்கிறதற்குத் தாயிடம் படித்தவன், எவ்வளவு வகுக்க வேண்டும் என்று மட்டும் படிக்கவில்லை, ஒன்றுமில்லை என்கிற வரைக்கும் வகுத்துவிட்டான். தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினேன், வேட்டியின் பின்பக்கத்தை அலசிப் பிழிந்து ஈரமாகவே கட்டிக்கொண்டு வந்தேன். பஸ் நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் முறைத்தான். கோழிக்குஞ்சுக்காரர் நின்றபடியே பையை வைத்திருந்தார், சீட்டில்கூட வைக்கவில்லை. நான் உட்காரவில்லை, கம்பியைப் பிடித்து நின்றுகொண்டேன். நீங்களே வச்சிருங்க, எங்கிட்ட சுத்தமில்ல என்றேன். சரிங்க என்றார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் நெரிசலில் ஊர்ந்தது. ஆஸ்பத்திரி என்று பச்சைப் போர்டு, அம்புக்குறி, இறங்கி நாலு எட்டு வைத்தால் போதும், ஒரு பாட்டில் தண்ணீரை நரம்பில் ஏற்றிப் படுக்கப் போட்டுவிடுவார்கள். அம்புக்குறி என்னையே பார்த்தது. இறங்கினால் பிழைப்பேன். இறங்கினால் அவள் கோடியில்லாமல் கிடப்பாள், இல்லாவிட்டால் எவனாவது பங்காளி வகையில் ஒருத்தனைப் பிடித்து அண்ணன் முறை என்று போடச் சொல்லுவார்கள், அவன் போடுவான், அவளுக்கு அவன் யார் என்றே தெரியாது. பால்கோவாக் கடைகளின் பால் கருகின வாடை ஜன்னல் வழியாக வந்து குடலைப் புரட்டியது. போர்டு பின்னால் போய்விட்டது. இப்போது முந்தாநாளுக்குப் போய்த்தான் ஆகவேண்டும் போலிருக்கிறது, எல்லாப் பக்கமும் அடைத்துவிட்டது, அந்த ஒரு கதவுதான் திறந்திருக்கிறது. முந்தாநாள் அவள்தான் கூப்பிட்டாள். எப்படியிருக்கேண்ணே என்றாள். நான் விடுவேனா. பத்துப் பதினைந்து தடவை போச்சு சந்தனம், குற்றாலம் சீசன் இங்கதான் ஆரம்பிச்சிருக்கு, டவுன்பஸ் விட்டிருக்காங்க என்றேன். சிரித்தாள். வகுத்திருப்பாள், ஒருதடவையோ ஒன்றரைத் தடவையோ என்று. மோரில் உப்புப் போட்டுக் குடி என்றாள். சிரித்து முடித்துக் கொஞ்சம் மூச்சு வாங்கினாள், எனக்கும் லேசா நெஞ்சக் கரிக்குதுண்ணே, இடது கை வரைக்கும் ஒரு மாதிரி, நேத்துத் தின்ன வடை போல என்றாள். லேசா. அவள் சொன்னாள், லேசா என்று. என் காது கேட்டது. அந்த நிமிஷம் பார்த்து என் வயிறு முறுக்கியது, நான் எழுந்து நின்றுவிட்டேன், கால் கழிப்பறைப் பக்கம் திரும்பிவிட்டது, சோடா வாங்கிக் குடி, சரியாப் போகும், வச்சிடவா என்றேன். சரிண்ணே, ஓடு ஓடு என்றாள். பெருக்கவில்லை. அறுபது வருஷ வாய்ப்பாடு. பத்தால் பெருக்கவேண்டும் என்று மறந்துபோய்விட்டேன். சோடா என்று சொல்லிவிட்டேன். நெஞ்சக் கரிக்குது, பெருக்கு. இடது கை, பெருக்கு. பெருக்கினால் என்ன வரும் என்று டீக்கடையில் ஓசிப் பேப்பர் படிக்கிறவனுக்குக்கூடத் தெரியும். ஓடு ஓடு என்றாளே. அதுதான் அவள் கடைசியாக என்னிடம் சொன்னது. சோடா வாங்கிக் குடித்தாளோ என்னவோ. குடித்திருப்பாள். நான் சொன்னதில் எதையாவது ஒன்றை அப்படியே கேட்பதானால் அதைத்தான் கேட்டிருப்பாள்.

தெருமுனையில் பெண்கள் எதிர்கொண்டு வந்தார்கள். கோழிக்குஞ்சுக்காரர் ராஜபாளையத்தில் இறங்கி, எனக்கு ஆட்டோ பிடித்து, பையை என் கையில் கொடுத்து, முகம் பார்க்காமல் போய்விட்டார், பெயர்கூடக் கேட்கவில்லை. சந்தனத்தின் மகள் செல்வக்கனி என் கழுத்தைக் கட்டிக்கொள்ள வந்தாள், நான் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன், அவள் திகைத்து நின்றாள். வீட்டு முன்னால் பந்தலில் சந்தனம். மூக்குத்தி. மஞ்சள் பூசின முகம் சின்னதாகிவிட்டது, முகத்தையும் யாரோ வகுத்துவிட்டார்கள். மச்சான் நாற்காலியில், எங்கேயோ பார்த்துக்கொண்டு. கைகளை இரண்டு தடவை கழுவிவிட்டுக் கோடியை விரித்துப் போட்டேன், விளிம்பை மட்டும் விரல்நுனியால் பிடித்து. சிவப்பு அவளுக்கு எடுப்பாக இருந்தது. இதோ பாரு சந்தனம், பன்னிரண்டு தடவை, ரத்தம், காய்ச்சல், பஸ்ஸிலேயே ஆகிவிட்டது, இந்த ஒன்றை மட்டும் வகுக்காதே என்று மனசுக்குள் சொன்னேன். அப்புறம் என்று கேட்பாள் என்று குனிந்தபடியே கொஞ்ச நேரம் நின்றேன். எந்திரிங்க மாமா, நேரமாச்சு என்று குருநாதன் தோளைத் தொட்டான். எடுத்தார்கள். தப்பு மேளம் அதிர்ந்தது, ஒவ்வொரு அடியும் நேராக வயிற்றில் விழுந்தது. பெண்கள் தெருமுனையோடு நின்றுகொள்ள, ஆண்கள் போனார்கள், நானும் நாலடி வைத்தேன், ஐந்தாவது அடிக்கு முழங்கால் வரவில்லை. மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாடை திருப்பத்தில் மறைந்தது. பெண்கள் கூட்டத்தில் நான் ஒரு ஆம்பிளை.

செல்வக்கனி பின்னாலிருந்து என் வேட்டியைப் பார்த்துவிட்டாள். என்ன மாமா இது என்றாள். அவள் முகத்தில் இன்னும் அழுகை காயவில்லை, தாயைத் தூக்கிக்கொண்டு போய் ஐந்து நிமிஷம் ஆகவில்லை, இவளிடம் போய் என்ன சொல்வது. "ஒண்ணுமில்ல தாயி. வயிறு சரியில்ல. லேசாத்தான்" என்றேன். அந்தப் பெண்ணின் முகம் மாறினதை நான் எப்படிச் சொன்னாலும் யாரும் நம்பமாட்டார்கள். என் மணிக்கட்டைப் பிடித்தாள். ஈரத்தையும் நாற்றத்தையும் பார்க்கவில்லை.

"அந்த வார்த்தையச் சொல்லாதீங்க மாமா. அம்மாவும் இதத்தான் சொன்னாங்க. லேசாத்தான்னு. நானும் சரின்னு தூங்கப் போயிட்டேன்."

இரண்டு பேரும் கம்பத்தடியில் நின்றோம். நான் சோடாவைப் பற்றிச் சொல்லவில்லை. அவளுக்கு அவளுடையதே போதும். யாரையோ கூப்பிட்டு ஆட்டோ வரவழைத்தாள், சீட்டில் ஒரு பழைய சேலையை நாலாக மடித்துப் போட்டாள், சந்தனத்தின் சேலை, துவைத்துத் துவைத்துப் பூவெல்லாம் வெளுத்தது. ஐயோ, இது மேலயா என்றேன். உக்காருங்க என்றாள். தீட்டு வீட்டிலிருந்து நீ வெளியே போகக்கூடாது என்று ஒரு கிழவி சொன்னாள், இவள் காதில் வாங்காமல் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆட்டோ எதிர்ப்பக்கமாகத் திரும்பியது. ஆஸ்பத்திரி இந்தப் பக்கம், சுடுகாடு அந்தப் பக்கம். தப்புச் சத்தம் முதுகுக்குப் பின்னால் குறைந்துகொண்டே போனது.

"எத்தன தடவ போச்சு மாமா?"

நாக்கு நுனி வரைக்கும் குற்றாலம் வந்தது. டவுன்பஸ்கூட வந்தது. இரண்டையும் விழுங்கினேன், காய்ந்த தொண்டையில் சிரமமாகத்தான் இறங்கின.

"நேத்து பன்னெண்டு. இன்னிக்கு எண்ணல. ரத்தம் போகுது. காய்ச்சல் இருக்கு. பல்லுக்குக் குடுத்த கேப்சூல நானா இன்னொரு பட்டை வாங்கித் தின்னேன். காலையில நிறுத்துற மாத்திரையும் போட்டுட்டேன், அதுலயிருந்து வயிறு கல்லா இருக்கு."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சந்தனத்தின் கண். தயங்கித் தயங்கித்தான் கேட்டாள்.

"பத்தால வகுக்கணுமா மாமா?"

"வேணாம் தாயி. அப்படியே வச்சுக்கோ."

அவள் முன்னால் எட்டி, சீக்கிரம் என்று டிரைவர் தோளைத் தட்டினாள். அப்புறம் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, டாக்டரிடம் சொல்வதற்காக, நான் சொன்னதை ஒன்றுகூட விடாமல், ஒன்றுகூடச் சேர்க்காமல், உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.